என் கைக்காசில் வாங்கிய முதல் பாட்டு

பெண்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "உங்கள் சொந்த உழைப்பில், உங்களுக்கென்றே, உங்கள் மன ஆசைக்காக முதன்முதலில் வாங்கிய பொருள் எது?" எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு ஒருவர் பிள்ளைக்கு வாங்கிய சட்டையைச் சொல்வார். இன்னொருவர் வீட்டுக்கு வாங்கிய சருவச்சட்டியைச் சொல்வார். மூன்றாமவர் தம்பியின் பரீட்சைக் கட்டணத்தைச் சொல்வார். "அதெல்லாம் மற்றவர்களுக்கு. உங்களுக்கு என்ன வாங்கினீர்கள்?" என்று திரும்பக் கேட்டால் பதில் வர நேரமெடுக்கும். சிலருக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை. சிலருக்கு இருந்தது, போரில் போய்விட்டது. போனதைப் பற்றி அவர்கள் ஒருவரிடமும் கதைத்ததில்லை.

என்னுடைய பதில் ஓர் இசைத்தட்டு. 1974ஆம் ஆண்டு, எனக்குப் பத்தொன்பது வயதில், பதினான்கு ரூபா கொடுத்து வாங்கினேன். ஒரு பாட்டுத் தட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். உயிர்களையும் வீடுகளையும் நிலங்களையும் இழந்தவர்கள் வாசிக்கும் பத்திரிகை இது. ஆனாலும் பெரிய இழப்புகளுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் சின்ன இழப்புகளையும் யாராவது எழுதத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிராண்ட்பாஸ் தோட்டத்தில்

கொழும்பு 14, கிராண்ட்பாஸ். களனி கங்கையைக் கடக்கும் பெரிய துறை அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் இருந்ததால் வந்த பெயர் என்று சொல்வார்கள். துறைமுகமும் புறக்கோட்டையும் பக்கத்தில். தேயிலைக் களஞ்சியங்கள், ஆலைகள், அச்சகங்கள், அவற்றில் வேலை செய்யும் ஆட்கள். 1930இல் தொடங்கிய வீரகேசரிப் பத்திரிகையின் காரியாலயமும் கிராண்ட்பாஸ் வீதியில்தான். வீதியில் இருந்து உள்ளே திரும்பினால் வரிசையாக ஒட்டிக் கட்டிய சிறிய வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். இந்தக் குடியிருப்புகளைக் கொழும்பில் 'தோட்டம்' என்போம்.

எங்கள் தோட்டத்தில் பதினாறு வீடுகள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள், மலையகத்தில் இருந்து வந்தவர்கள், சிங்களவர், முஸ்லிம்கள், ஒரு மலாய்க் குடும்பம். ஐயா ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவராக இருந்தார். நான் பத்தாம் வகுப்பில் படிக்கும்போது நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். அத்தோடு என் படிப்பும் நின்றது. அம்மாவிடம் ஒரு கைமெசின் இருந்தது. நானும் அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சட்டை தைத்தோம். ஒரு சட்டைக்கு ஒன்றரை ரூபா கூலி. தங்கையைப் படிப்பிக்க வேண்டும், வாடகை கட்ட வேண்டும்.

எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஆடம்பரப் பொருள் ஐயா விட்டுப்போன பழைய வானொலிப் பெட்டி. அது சூடாகிப் பாடத் தொடங்க ஒரு நிமிடமாவது ஆகும். அந்த நாட்களில் இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைக் கேட்காத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. 1950இல் தொடங்கிய அந்த வர்த்தக ஒலிபரப்பு கடல் கடந்து தமிழ்நாட்டிலும் கேட்டது. தையல் மெசினுக்குப் பக்கத்தில் வானொலி பாடும், நாங்கள் தைப்போம். 'பொங்கும் பூம்புனல்' முடிந்தால் காலைச் சமையல் முடிந்திருக்க வேண்டும் என்று அம்மா கணக்கு வைத்திருந்தார். மணிக்கூடு தேவைப்படவில்லை. ராஜேஸ்வரி சண்முகம் கதைக்கும்போது வீட்டுக்குள் வந்திருந்து கதைப்பது போல இருக்கும். ஒரு பெண் இவ்வளவு தெளிவாக, இவ்வளவு உரிமையோடு ஊருக்கெல்லாம் கேட்கும்படி கதைக்கலாம் என்பதை நான் அவரிடம்தான் முதலில் கண்டேன்.

ஆனால் வானொலியில் ஒரு குறை. நமக்குப் பிடித்த பாட்டு எப்போது வரும் என்று தெரியாது. தபாலட்டையில் 'நேயர் விருப்பம்' எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பாட்டு வரும் நேரத்தில் குழாயடியில் எங்கள் முறை வந்துவிடும். வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடித் திரும்பும்போது பாட்டு முடிந்திருக்கும். பிடித்த பாட்டை நான் நினைத்த நேரத்தில் கேட்க வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது.

பெண் குரல் தட்டுக்குள் வந்த கதை

இசைத்தட்டின் வரலாற்றைப் பார்த்தால் அதில் பெண்களுக்குப் பெரிய இடம் இருக்கிறது. 1902ஆம் ஆண்டு இலண்டனில் இருந்து கல்கத்தாவுக்கு ஒலிப்பதிவுக் கருவிகளோடு ஒரு குழு வந்தது. அப்போது பாடி இந்தியா முழுதும் பெயர் பெற்றவர் கௌஹர் ஜான் என்ற பெண். பாட்டின் முடிவில் தன் பெயரைத் தானே சொல்லி முடிப்பது அவர் வழக்கம். குலப்பெண்கள் வெளியே பாடக்கூடாது என்றிருந்த காலம் அது. பாடிய பெண்களை ஊர் இரசித்தது, ஆனால் மதிக்கவில்லை. அவர்களை வாசலுக்குள் விடாத வீடுகளுக்குள்ளும் அவர்களுடைய குரலை இசைத்தட்டு கொண்டுபோய்ச் சேர்த்தது.

தமிழில் கே.பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். வறுமையில் வளர்ந்து நாடக மேடைக்கு வந்தவர். 1920களில் கொழும்பு மேடைகளிலும் நடித்தார். எஸ்.ஜி. கிட்டப்பாவோடு அவர் சேர்ந்து நடித்ததும் இங்கேதான். 1933இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அதன்பின் வெள்ளைச் சேலையோடு வாழ்ந்தாலும் பாட்டை அவர் விடவில்லை. விதவை பாடலாமா என்று கேட்ட சமூகமே அவருடைய தட்டுகளை விலை கொடுத்து வாங்கியது. எம்.எஸ். சுப்புலட்சுமி முதன்முதலில் தட்டுக்குப் பாடியது 1926இல், பத்து வயதில்.

நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. ருக்மணி தேவி என்றால் சிங்களத் திரையுலகின் முதல் நாயகி என்று எல்லோருக்கும் தெரியும். முதலாவது சிங்களப் பேசும்படம் 'கடவுனு பொரொந்துவ' 1947இல் வந்தபோது அதில் நடித்தவர் அவர். அவருடைய இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். 1923இல் நுவரெலியா மாவட்டத்தின் இறம்பொடையில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண். 1930களின் கடைசியில் வந்த அவருடைய முதல் இசைத்தட்டு, புத்தகயாவைப் போற்றும் சிங்களப் பாட்டு. தமிழ்ப் பெண், கிறிஸ்தவக் குடும்பம், பாடியது பௌத்தப் பாட்டு. அந்தத் தட்டை வீடு வீடாகச் சிங்களவர் வாங்கிக் கேட்டார்கள். 1978 ஒக்டோபரில் அவர் வீதி விபத்தொன்றில் இறந்தபோது எங்கள் தோட்டத்துச் சிங்களப் பெண்கள் தங்கள் வீட்டில் சாவு விழுந்தது போல அழுதார்கள். இப்படியும் ஒரு காலம் இந்த நாட்டில் இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பாண் கியூவும் பாட்டுத் தட்டும்

1973, 74ஆம் ஆண்டுகளை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். விடியப்புறம் நாலு மணிக்கே பாணுக்குக் கியூ. அரிசியும் சீனியும் கூப்பனுக்கு. வெளிநாட்டுச் செலாவணி இல்லை என்று இறக்குமதியை அரசாங்கம் இறுக்கிய காலம். துணி, பால்மா, தையல் ஊசி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. அப்படியானால் இந்தியாவில் இருந்து இசைத்தட்டு எங்கே வரப்போகிறது? கடைகளில் இருந்தவை பெரும்பாலும் பழைய இருப்பு, அல்லது ஒருவர் விற்று இன்னொருவர் வாங்கும் கைமாறிய தட்டு. அந்த ஆண்டுகளில்தான் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்ற நம் நாட்டுத் தமிழ்ப் பொப்பிசைப் பாடகர்கள் ஊரெங்கும் பிரபலமானார்கள்.

நான் ஆசைப்பட்டது பி. சுசீலா பாடிய தட்டுக்கு. 1968இல் வந்த 'உயர்ந்த மனிதன்' படம். எம்.எஸ். விஸ்வநாதனின் இசை. பின்னணி பாடும் பெண்களுக்கென்று இந்திய அரசு தேசிய விருதை ஏற்படுத்தியபோது, அதை முதலாவதாகப் பெற்றவர் சுசீலா. அந்தப் படத்தில் பாடியதற்காகத்தான் பெற்றார். இந்த விபரமெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. வானொலியில் அந்தப் பாட்டு வரும்போது என் கால் தானாக மெசினை நிறுத்திவிடும். அவ்வளவுதான் தெரியும்.

தைத்த கூலியில் அம்மா எனக்குக் கைச்செலவுக்கு ஐம்பது சதம் தருவார். அதை மா ரின் ஒன்றுக்குள் போட்டு வைத்தேன். ஏழு மாதம் ஆயிற்று. புறக்கோட்டையில் ஒரு கடைக்குத் தங்கையையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருக்கு அம்மா? அண்ணனுக்கோ?" என்று கேட்டார்.

"எனக்குத்தான்" என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. ஆனால் சொல்லிவிட்டேன். "எனக்கு" என்று சொல்லி ஒரு கடையில் நான் வாங்கிய முதற் பொருள் அது.

அவர் தட்டை உறையில் இருந்து எடுத்து, வெளிச்சத்தில் சரித்துக் கீறல் இருக்கிறதா என்று காட்டினார். ஏழு அங்குல அகலமுள்ள சின்னத் தட்டு. நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும். இந்த வகைத் தட்டில் பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டாக நாலு பாட்டு இருக்கும். அதற்கு முந்திய பழைய தட்டுகள் 78 சுற்று ஓடுபவை. அவை அரக்குக் கலந்து செய்தவை; பக்கத்துக்கு மூன்று நிமிடமளவில்தான் பாடும்; கை தவறினால் பீங்கான் கோப்பை போல உடைந்துவிடும். புதிய வகை வினைல் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. விழுந்தால் உடையாது. "கவனமா வைச்சா உங்கட பேரப்பிள்ளையளும் கேக்கும்" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பார்த்துவிட்டார். "பாணுக்குக் கியூவில நிக்கிற நேரத்தில பாட்டுத் தட்டுக் கேக்குதோ உனக்கு? பதினாலு ரூபாவுக்கு எத்தனை றாத்தல் பாண் வாங்கலாம் எண்டு கணக்குப் பாத்தனியோ?" என்று ஏசினார். அம்மாவின் பயம் பசியைப் பற்றியது. கணவன் இல்லாமல் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிற எந்தத் தாயும் அப்படித்தான் ஏசியிருப்பார். ஆனால் என்னிடமும் ஒரு நியாயம் இருந்தது. தைத்தது என் கை. மிச்சம் பிடித்தது என் செலவில். அந்த ஏழு மாதத்தில் வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதில் ஒரு சதமும் நான் குறைக்கவில்லை.

மூன்றாம் வீட்டு ரேடியோகிராம்

தட்டு வந்துவிட்டது. போட்டுக் கேட்க எங்களிடம் பெட்டி இல்லை! தோட்டத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் ரேடியோகிராம் இருந்தது. மூன்றாம் வீட்டு முஸ்லிம் குடும்பம். மூத்த பெண்களை அவர்கள் 'தாத்தா' என்று அழைப்பார்கள். நாங்களும் அவரைத் தாத்தா என்றே அழைப்போம். அவருடைய கணவர் கப்பலில் வேலை செய்தவர். வெளியூரில் இருந்து கொண்டுவந்தது அந்தப் பெட்டி. பெரிய அலுமாரி போல இருக்கும். மேல்மூடியைத் திறந்தால் உள்ளே தட்டுச் சுற்றும் மேசை.

தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். "இங்க கொண்டா மகள், போட்டுப் பாப்பம். ஏன் வெளியில நிக்கிற?" என்றார் தாத்தா. ஊசி தட்டில் இறங்கும்போது முதலில் ஒரு சின்ன இரைச்சல் வரும். அது பாட்டுத் தொடங்கப் போகிறது என்பதற்கான அறிகுறி. அன்று அந்த அறையில் நாங்கள் எட்டுப் பெண்கள். சிங்கள அக்கே ஒருவர், கையில் மீன் செதிலோடு வந்து நின்றார். அவருக்குப் பாட்டின் சொல் விளங்காது. ஆனாலும் இன்னொரு முறை போடச் சொன்னார்.

அதன்பின் சனிக்கிழமைப் பின்னேரங்களில் தாத்தா வீட்டில் கூடுவது வழக்கமாயிற்று. அக்கே ருக்மணி தேவியின் தட்டைக் கொண்டுவருவார். தாத்தாவிடம் நாகூர் ஹனிபாவின் தட்டுகள் இருந்தன. ஆண்கள் தேநீர்க் கடையில் கூடுவார்கள். எங்களுக்குக் குழாயடியை விட்டால் கூடுவதற்கு ஓர் இடம் இருந்ததில்லை. பாட்டு ஒரு சாட்டு. பாட்டு முடிந்த பின்பு பெண்கள் கதைத்த கதைகள்தான் எத்தனை! அடி வாங்கியதை முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னதும், சீட்டுப் பிடிக்கத் திட்டம் போட்டதும், ஒருத்தியின் பிரசவத்துக்குக் காசு சேர்த்ததும் அந்த அறையில்தான். இன்று பெண்கள் குழுக்கள் அமைப்பது பற்றிப் பயிற்சி தருகிறார்கள். எங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஒரு தட்டைச் சுற்றி நாங்கள் சேர்ந்திருந்தோம்.

1977இல் ஆட்சி மாறி, இறக்குமதிக்கு வழி திறந்ததும் கசெற் வந்து நிறைந்தது. மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள் திரும்பி வரும்போது தோளில் ஒரு கசெற் ரேடியோவோடு வந்தார்கள். அதுவும் ஒரு பெண் அந்நிய வீட்டில் பாத்திரம் கழுவி வாங்கிய பாட்டுத்தான். விரும்பிய பாட்டுகளைத் துண்டில் எழுதிக் கொடுத்தால் கடையில் பதிந்து தருவார்கள். இசைத்தட்டு மலிந்தது. நான் 1979இல் திருமணம் முடித்தேன். அடுத்த ஆண்டு ஒருவர் விற்ற பழைய ரெக்கோட் பிளேயரைக் குறைந்த விலைக்கு வாங்கினோம். 1983இல் என்னிடம் இருபத்துமூன்று தட்டுகள் இருந்தன.

1983 யூலை

யூலை 25, திங்கட்கிழமை. முதல்நாள் இரவு பொரளையில் தொடங்கியது, காலையில் கொழும்பு முழுதும் பரவியது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் என்று தமிழர் இருந்த இடமெல்லாம் புகை. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்து வீடு தேடி வந்தார்கள் என்று பலரும் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். நம்மில் பலருக்கு அந்த நாட்கள் சொந்த அனுபவம் என்பதால் அதை விரித்து எழுத வேண்டியதில்லை. எங்கள் உயிர் தப்பியது தாத்தாவின் வீட்டுப் பின்னறையில். அம்மா, தங்கை, கணவர், நான், கையில் இரண்டு வயது மகள். அக்கே தன் வீட்டு வாசலில் நின்று, "இங்கே தமிழர் ஒருவரும் இல்லை" என்று சிங்களத்தில் சத்தமிட்டார். ஒரு இரவு அங்கே. அடுத்த நாள் ஒரு பாடசாலையில் அமைந்த அகதி முகாமுக்குப் போனோம்.

ஆறு வாரம் கழித்து வீட்டைப் பார்க்கப் போனேன். கூரை இல்லை. தையல் மெசினின் இரும்பு மட்டும் கறுத்து நின்றது. தட்டுகள் இருந்த மூலையில் ஒரு கறுப்புக் கட்டி. வினைல் உடையாது, ஆனால் நெருப்பில் உருகும். இருபத்துமூன்று தட்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டன. எது சுசீலா, எது சுந்தராம்பாள் என்று பிரிக்க முடியவில்லை. எந்த மொழிப் பாட்டு என்றும் தெரியாது.

முகாமுக்குத் திரும்பி வந்து, போனவற்றை அம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மெசின், ஐயாவின் வானொலி, கட்டில், சட்டி பானை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லாமல் விட்டதை அவரே கேட்டார். "உன்ர பாட்டுத் தட்டும் போட்டுதோ பிள்ளை?"

பதினாலு ரூபாவுக்கு ஏசிய அதே அம்மா. அந்த முகாமில் நான் அழுதது அந்த ஒரு தடவைதான்.

படிவத்தில் இல்லாத நிரல்

நட்டஈடு கேட்டு ஒரு படிவம் நிரப்பினோம். அசையும் சொத்து, அசையாச் சொத்து, பெறுமதி, ஆதாரம். எரிந்த பொருளுக்குப் பற்றுச்சீட்டு எங்கே கிடைக்கும்? மெசினை எழுதினேன். கட்டிலை எழுதினேன். தட்டுகளை 'வேறு' என்ற இடத்தில் எழுதப் போனபோது பக்கத்தில் நின்றவர், "இதையெல்லாம் எழுதினால் கேலி செய்வார்கள்" என்றார். நான் எழுதினேன். 'இசைத்தட்டு 23' என்று எழுதினேன். அதற்கு ஒரு சதமும் வரவில்லை. ஆனால் என் கையெழுத்தில் அது பதிவாயிற்று.

அதன்பின் எத்தனையோ படிவங்கள், எத்தனையோ ஆணைக்குழுக்கள். 1981 முதல் 1984 வரையான இன வன்முறைகளை ஆராய 2001இல் ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. 2018இல் இழப்பீடுகளுக்கான அலுவலகம் அமைக்கும் சட்டம் வந்தது. படிவங்கள் வீட்டின் சதுர அடியைக் கேட்கின்றன. கேட்கட்டும், அது தேவைதான். ஆனால் அந்த வீட்டுக்குள் ஒரு பெண் எதை ஆசையாக வைத்திருந்தாள் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான், ஒருவரையொருவர்.

சைக்கிள் டைனமோவில் ஒரு பாட்டு

நான் கொழும்பிலேயே தங்கிவிட்டேன். தங்கை அகதிகளை ஏற்றிய கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனாள். அங்கேயே திருமணம். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. வானொலிக்குப் போடும் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். அந்த ஆண்டுகளை அங்கே கழித்தவர்களுக்கு அடுத்து நான் சொல்லப் போவது தெரியும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். பாட்டுக் கேட்டார்கள்.

தங்கை கடிதத்தில் எழுதியிருந்தாள்: "அக்கா, மகன் சுத்துறான். அவன் களைச்சால் சுசீலாவின்ர குரல் ஆம்பிளைக் குரல் மாதிரி இழுபடுது. திரும்ப வேகமாச் சுத்தினால் சின்னப் பிள்ளை மாதிரிக் கீச்சிடுது. நாங்கள் சிரிச்சு முடியேல்ல." குண்டு விழும் ஊரில் இருந்து வந்த கடிதத்தில் அந்தச் சிரிப்பு. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுதும் ஒரே இரவில் வெளியேறியபோது அவள் எடுத்த பையில் அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் உடுப்பு, அரைக் கொத்து அரிசி, இரண்டு கசெற். "ஏன் கசெற்?" என்று பிறகு கேட்டேன். ஒன்றில் பாட்டு. மற்றதில், வெளிநாட்டில் இருந்த மைத்துனருக்கு அனுப்புவதற்காக வீட்டார் எல்லோரும் சேர்ந்து கதைத்துப் பதிந்த குரல். அதில் அவளுடைய மாமியார் இருக்கிறார். அந்த இடப்பெயர்வில்தான் மாமியார் காலமானார்.

பெண்கள் கூட்டங்களுக்குப் போகும்போது இப்படியான கசெற்றுகளைப் பலர் வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். கலியாண வீட்டில் பதிந்தது, கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது. ஒரு தாய் சேலைக்குள் சுற்றி வைத்திருந்தார். மகன் காணாமற்போய் ஆண்டுகள் கடந்துவிட்டன. சின்ன வயதில் அவன் பாடிய பாட்டு அதில் இருக்கிறது. "போட்டால் அறுந்துபோகுமோ எண்டு பயம். அதனால கேக்கிறதும் இல்லை" என்றார்.

இப்போது நாம் செய்யக்கூடியவை

அப்படி வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

இசைத்தட்டு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள். புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். வெயிலும் அடுப்புச் சூடும் படக்கூடாது. விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். கோடுகளில் விரல் பட வேண்டாம். மெல்லிய உலர்ந்த துணியால் தூசியை வட்டமாகத் துடையுங்கள்.

கசெற்றுக்கு ஈரம் எதிரி. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் அதைப் பெட்டியில் போட்டு ஓட்ட வேண்டாம். நாடாவும் கெடும், பெட்டியும் கெடும். விபரம் தெரிந்தவரிடம் கொடுத்துத் துப்புரவாக்கிய பின்பே ஓட்டுங்கள். காந்தம், ஒலிபெருக்கிப் பெட்டி இவற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நல்ல நிலையில் உள்ள கசெற்றை ஒரு முறை ஓடவிட்டுக் கைத்தொலைபேசியிலோ கணினியிலோ பதிந்துகொள்ளுங்கள். பதிந்ததை இரண்டு இடங்களில் வையுங்கள். பேசுவது யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெயர் எழுதாத குரல் அடுத்த தலைமுறைக்கு வெறும் சத்தம்தான். ஈழத்தமிழரின் நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவில் பாதுகாக்கும் நூலகம் நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. ஒலிப்பதிவுகளையும் அது சேர்க்கிறது. எதைக் கொடுப்பது, எதை வீட்டோடு வைத்திருப்பது என்பது உங்கள் முடிவு.

கைவசம் ஒன்றுமே மிஞ்சாதவர்களுக்கு எழுத்து இருக்கிறது. ஒரு கொப்பியை எடுத்து, உங்களிடம் இருந்த, உங்களுக்கென்றே இருந்த பொருட்களின் பெயரை எழுதுங்கள். பெறுமதி எழுத வேண்டியதில்லை. எங்கே வாங்கினீர்கள், என்ன விலை, யார் ஏசினார்கள், யாரோடு சேர்ந்து அனுபவித்தீர்கள் என்று எழுதுங்கள். எழுத வராதவர்கள் மகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். மகளுக்கும் தன் தாய் ஒரு காலத்தில் ஆசைப்படத் தெரிந்த ஒரு பெண்ணாக இருந்தாள் என்பது அப்போது தெரியவரும்.

இன்னுமொன்று. நம்மில் பலர் இப்போது உழைக்கிறோம். தைக்கிறோம், கோழி வளர்க்கிறோம், தொழிற்சாலைக்குப் போகிறோம், கடன் எடுத்து அடைக்கிறோம். வரும் காசு முழுதும் அடுப்புக்கும் பிள்ளைக்கும் வட்டிக்கும் போகிறது. கணவனை இழந்த பெண் பாட்டுக் கேட்டாலே ஊர் ஒரு மாதிரிப் பார்க்கும். பார்க்கட்டும். பசியிருக்கும் வீட்டில் பசிக்குத்தான் முதலிடம். அதில் என் அம்மா சொன்னது சரி. ஆனாலும் மா ரின்னுக்குள் ஓர் ஐம்பது சதம் உங்களுக்கென்று விழ இடமிருக்க வேண்டும். இன்று பாட்டுக்குப் பதினாலு ரூபாவும் தேவையில்லை. பிள்ளையின் கைத்தொலைபேசியிலேயே கேட்கலாம். அரைமணி நேரம் வேலையை நிறுத்தி, பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூப்பிட்டு, இருந்து கேளுங்கள். பாட்டு முடிந்த பின்பு எழுந்துவிட வேண்டாம். கதை அப்போதுதான் தொடங்கும்.